நீர் போன வழி

அக்கராயன் குளக்கட்டினை அணுகும்போது எந்தையாரின் பழைய கார் மீண்டும் கொதித்தது. நாள்தோறும் றேடியேற்றருக்கு நீர் வார்த்தே சில கிழமைகளை ஓட்டியவன் நான். அன்றோ, பின்னிருக்கையிற் காய்ச்சலுடன் மகள்.

அவ்வழி வந்த என் பழைய மாணாக்கன், இன்று மெக்கானிக், மூடியைத் திறக்க நீண்ட என் கையைத் தடுத்தான். மனைவியையும் மகளையும் தன் ஓட்டோவில் ஆசுபத்திரியிற் சேர்த்து மீண்டான். அதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. ஆராய்ந்தான்: எண்ணெய் பால்நிறம் கொள்ளவில்லை, வெண்புகை இல்லை, குழாய்களிற் கசிவில்லை. மூடியின் றப்பர் வாசரே வெடித்திருந்தது. அழுத்தம் நிற்பின் நீர் 100 பாகைக்கு மேலேதான் கொதிக்கும்; அஃது அகன்றமையால் முன்னதாகவே கொதித்து வழிந்திருக்கிறது.

"சேர், தண்ணி விட்டனீங்கள், அது எங்கை போகுதெண்டு பார்க்கேல்லை" என்றான்.

அவன் கொப்பிகளில் ஒற்றுப்பிழைகளை நாள்தோறும் சிவப்பு மையினால் திருத்தியவன் நான். அவை பிறந்த இடத்தை ஒருநாளும் தேடினேன் அல்லேன்.