வாயில் வராத நன்றி

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. வெளிச்சம் வந்தபோது வடக்குத்தில் எங்கள் முந்திரித் தோப்பு தரையோடு சாய்ந்து கிடந்தது. வேலியோரம் உட்கார்ந்த அப்பா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் இரவு கோயிலில் வருட முடிவு நன்றி வழிபாடு. அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் கரண்ட் இல்லை. அம்மா மெழுகுவத்தியோடு கிளம்பினாள். அப்பா வரவில்லை.

"எதுக்கும்மா நன்றி சொல்லப் போற?"

பதிலில்லை. கோபத்தோடு பின்னாடியே போனேன்.

வழக்கமாக ஆளாளுக்கு எழுந்து வாய்விட்டு நன்றி சொல்வார்கள். அன்று ஃபாதர் அழைத்தும் ஒருவரும் எழவில்லை. அவரும் அவசரப்படுத்தாமல் முழந்தாளிட்டார்.

திரும்பும்போது அம்மா சொன்னாள்: "நன்றின்னு வாயில வரலடா. பொய் சொல்லவும் மனசில்ல. சும்மா உக்காந்துட்டு வந்தேன்."

நன்றி வராத நாளில் அந்த வராமையையே கொண்டுபோய் வைப்பதும் ஜெபம்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

சில மாதம் கழித்து, அறுத்துப்போட்ட முந்திரி ஒன்றின் அடிக்கட்டையில் துளிர் விட்டது. அப்பாதான் முதலில் பார்த்தார். அந்த வருடம் டிசம்பர் 31 இரவு அவரும் எங்களோடு கோயிலுக்கு வந்தார்.