26யூ: ஒரு வெள்ளைக் காரின் கதை

எங்க வீட்டு ஆல்டோவுக்கு 2024-ல 15 வயசு முடிஞ்சது. சொந்தக் காருக்கு 15 வருஷம் ஆச்சுன்னா ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டு போய்க் காட்டணும். மம்சாபுரத்துக்காரங்களான எங்களுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர். போறதுக்கு முன்னாடி வண்டியைக் கொஞ்சம் அழகு பண்ணலாமேன்னு லீவு போட்டுட்டு ஊருக்கு வந்தேன். வந்து பார்த்தா பின்கதவுல ரெண்டு கை அகலத்துக்கு ஒரு திட்டு. வண்டி வெள்ளை. திட்டு, நல்லா சுண்டக் காய்ச்சின பால்கோவா கலர்!

"என்னப்பா இது?"

"கேட்டுல உரசிருச்சுடா. ராஜபாளையத்துல ஒரு டப்பா வெள்ளை வாங்கி நானே அடிச்சுட்டேன். தெரியவே தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்ச?"

கிண்டல் பண்றாருன்னு நினைச்சேன். இல்லை. நிஜமாவே அவருக்குத் தெரியலை.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேப்பீங்க. அப்பா ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 30 வருஷம் பஞ்சு பார்த்தவர். பஞ்சுல வெள்ளைன்னு ஒண்ணு கிடையாது. பால் வெள்ளை, மங்கல் வெள்ளை, மஞ்சள் தட்டினது, மழையில நனைஞ்சதுன்னு ஏகப்பட்டது உண்டு. அப்புறம் ஹெச்.வி.ஐ. மெஷின் வந்தது. வெளிச்சத்தை எவ்வளவு திருப்பி அனுப்புதுன்னு ஒரு நம்பர், மஞ்சள் எவ்வளவுன்னு இன்னொரு நம்பர் கொடுக்கும். அப்பா ஒரு பிடி பஞ்சை எடுத்து ஜன்னல் பக்கம் நின்னு பார்த்துச் சொன்னதைத்தான் மெஷினும் சொல்லும்னு எங்க வீட்டுல ஒரு ஐதீகமே உண்டு :-) அந்த மனுஷன் பால்கோவாவை வெள்ளைங்கிறார்.

அடுப்படியில அம்மா மெதுவா சொன்னாங்க. "அவர்ட்ட சொல்லிராத. ராத்திரியில வண்டி எடுக்கிறதையே விட்டுட்டாரு. எதுத்தாப்ல லைட் வந்தா கூசுதாம். இதையும் சொன்னா மொத்தமா சாவியைக் கீழ வச்சிருவாரு."

சரி, சத்தமில்லாம நாமளே சரி பண்ணிருவோம்னு இறங்கினேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி எங்க போகும்? போன்ல போட்டோ எடுத்து, அதுல கலரைத் தொட்டு ஹெக்ஸ் கோட் எடுத்தேன். காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, டியூப் லைட்டுல ஒண்ணு. போன் கேமரா தானா ஒயிட் பேலன்ஸ் பண்ணிக்கும், ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு வெள்ளை காட்டும். குப்பை. அடுத்து எம்.ஏ.3-ன்னு ஆரம்பிக்கிற 17 எழுத்து நம்பரை எழுதிட்டுப் போய் பெயிண்ட் கடையில நீட்டினேன். "தம்பி, இது சேஸிஸ் நம்பரு." அசிங்கம்! ஆர்.சி.யில கலர் பேர் மட்டும்தான் இருக்கும். கோட் வேணும்னா வண்டியிலயே தேடணும். சில கம்பெனி கதவுத் தூண்ல ஒட்டியிருப்பான், சிலது பானெட்டுக்கு அடியில தகடு. எங்களுக்கு பானெட். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா 26யூ. சுப்பீரியர் ஒயிட். அப்படியே ஒரு துள்ளு துள்ளினேன்.

டிங்கரிங் பட்டறை பெயிண்டர் அண்ணன் துள்ளலை. "கோட் ஃபேக்டரியில அடிச்ச வெள்ளையைச் சொல்லும் தம்பி. உங்க வண்டி 15 வருஷம் வெயில்ல நின்னுருக்கு. அப்படியே அடிச்சா கதவு மட்டும் புதுப் பல்லு கட்டின மாதிரி தனியாத் தெரியும். மொதல்ல வண்டியை பாலிஷ் போடுங்க, பெட்ரோல் டேங்க் மூடியைக் கழட்டிட்டு வாங்க. அதை வச்சு கலக்கிருவோம்." சில்வர் மாதிரி மெட்டாலிக் கலரா இருந்தா இன்னும் கஷ்டமாம். பெயிண்ட் ஈரமா விழுந்தா கருப்படிக்கும், உலர்வா விழுந்தா வெளுக்கும், எல்லாம் கன் பிடிக்கிற கையில இருக்குன்னார்.

இந்த ரகசிய ஆபரேஷனுக்கு நடுவுல நிஜ ஆபரேஷன் வந்துருச்சு. கண்ணாடி மாத்தணும்னு சொல்லி அப்பாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு கண்ணுலயும் புரை. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக வயசாக மஞ்சளாகி நீல வெளிச்சத்தை வடிகட்டிருமாம். வெள்ளைக்கும் கிரீமுக்கும் வித்தியாசம் மங்கிடும். கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால ஆளுக்குத் தெரியாது. ஓவியர் மோனேவுக்கே இந்தப் பாடு, 1923-ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். எங்க ஆளு எம்மாத்திரம்!

மொதல்ல வலது கண் முடிஞ்சது. ஊருக்கு வந்து, கட்டெல்லாம் எடுத்தப்புறம் ஒரு நாள் காலையில வாசல்ல அப்பா சத்தம். போய்ப் பார்த்தா கார் முன்னாடி நின்னு ஒரு கண்ணைப் பொத்துறார், அப்புறம் மறு கண்ணைப் பொத்துறார்.

"டேய், இந்தக் கண்ணுல கதவு சரியா இருக்கு. இந்தக் கண்ணுல மஞ்சளா இருக்கு. எது நிஜம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாங்க.

"அப்போ ஊரே பார்த்துச் சிரிச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் சொல்லலை." அன்னிக்கு முழுக்க அப்பா பேசலை. அடுத்த கண்ணுக்குத் தேதி வாங்குறப்போகூட என்னைக் கூப்பிடலை, அவரே போன் பண்ணி வாங்கினார்.

ரெண்டாவது கண்ணும் முடிஞ்சு, டாக்டர் ஓட்டலாம்னு சொன்னப்புறம் பட்டறைக்கு அவர்தான் ஓட்டிட்டு வந்தார். நான் பக்கத்துல, மடியில பெட்ரோல் மூடி. பெயிண்டர் அண்ணன் 26யூ-வை ஒரு அட்டையில அடிச்சுக் காய வச்சுக் கொடுத்தார். அப்பா வாங்கிட்டு வெயிலுக்குப் போனார். டியூப் லைட்டுல ஒத்துப்போறது வெளியில காலை வாரும்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மூடியை அட்டை மேல வச்சு, சாய்ச்சு, திருப்பிப் பார்த்தார்.

"நீலம் அடிக்குது. ஒரு பொட்டு மஞ்சள் விடுங்க."

விட்டார். "கொஞ்சம் மங்கணும்." ஊசி முனை அளவு கறுப்பு விழுந்தது. மூணாவது அட்டையை ரொம்ப நேரம் வச்சுப் பார்த்துட்டு, "இதுதான். அடிங்க"ன்னார்.

"அண்ணாச்சி, நீங்க எந்தப் பட்டறையில இருந்தீங்க?"ன்னு அவர் கேட்டதுக்கு அப்பா பதிலே சொல்லலை. அட்டையை மட்டும் மடிக்காம சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.