பங்காளி ரொட்டி



சென்ற ஆண்டு ஒரு கூட்டத்திற்காகப் பினாங்கு சென்று, ஜோர்ஜ்டவுன் நகரில் ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள் தங்கினேன். காலையில் பசியாறச் சென்றபோது அங்குக் கண்ட காட்சியை என்னென்பேன்! ஒரு புறம் நாசி லெமாக், ஒரு புறம் தோசையும் சாம்பாரும், ஒரு புறம் சீனர் கஞ்சி; வகைவகையான ரொட்டிகள், பழங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், கேட்பாரில்லை.

நானும் தட்டு நிறைய எடுத்தேன். பாதிகூட உண்ண இயலவில்லை. மிஞ்சியதைக் கைதுடைக்கும் தாளால் மூடிவிட்டு எழ முனைந்தபோது, மேசையைத் துடைக்க வந்த பெண், "வணக்கம் ஐயா" என்றாள். நம் பள்ளியில் படித்த பிள்ளை! தட்டைப் பார்த்தவள், "உடம்புக்கு முடியவில்லையா ஐயா? நீங்கள் சோற்றை வீணாக்க மாட்டீர்களே!" என்று கவலையோடு கேட்டாள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

அக்கணம் என் அன்னையின் முகம் மனக்கண்முன் தோன்றியது. மாலை வேளைகளில் லயத்திற்குச் சைக்கிளில் ரொட்டி பாய் வருவார். பால்மரம் வெட்டிக் களைத்து வந்த அம்மா ஒரே ஒரு தேங்காய் பன் வாங்கி, ஐந்து பிள்ளைகளுக்கும் பங்கிடுவார். வரக்கோப்பியில் தோய்த்து உண்போம். தமக்குப் பசியில்லை என்பார். அதை நாங்களும் நம்பினோம்.

அன்று மாலை டிரான்ஸ்பர் சாலைக்கு நடந்தேன். 1928ஆம் ஆண்டு அங்குத் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய ரொட்டிக்கூடம், முன்பு 'பிரிட்டிஷ் மலாயா' என்றும் பின்னர் 'இஸ்மாலியா' என்றும் பெயர் பெற்றது. அங்குச் சுடப்படும் 'ரொட்டி பெங்காலி'க்கும் வங்காளத்திற்கும் தொடர்பில்லை. தொழிலாளரும் அத்தொழிலில் பங்குதாரராய் இருந்தமையால், 'பங்காளி' என்னும் நம் தமிழ்ச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். அதைக் காயா தடவியும் உண்ணலாம். கறியில் தோய்த்தும் உண்ணலாம். பிலிப்பைன்ஸ் மக்களும் காலையில் 'பன் தெ சால்' என்னும் சிறு ரொட்டியைக் கோப்பியில் தோய்த்து உண்பர். உப்பு ரொட்டி என்பது அதன் பொருள். உழைப்பாளியின் பசியாறல் எந்நாட்டிலும் எளியதே.

இரண்டு ரொட்டி வாங்கி வந்து ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பங்கிட்டேன். ஆளுக்கு ஒரு சிறு துண்டே கிடைத்தது. ஒரு சிறுவன் தன் துண்டில் பாதியைத் தாளில் மடித்துப் பையில் வைத்தான். "தங்கைக்கு, ஐயா" என்றான். விடுதி விருந்தில் நான் மறந்த பாடத்தை அவன் மறக்கவில்லை.

அன்று மறுமொழி கூறாது விட்ட அந்த மகளுக்கு இம்மலரின் வாயிலாகச் சொல்கிறேன்: என் உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மா. தவறு என்னுடையது. இனி அளவறிந்து எடுப்பேன்.

- தலைமையாசிரியர்