கரிசல் வழியே – 5: ஊரிலேயே நிற்கட்டும் வானொலி

சாத்தூரைக் கடந்து கோவில்பட்டியை நோக்கித் தெற்கே இறங்கும் நான்குவழிச் சாலையின் இருபுறமும் கரிசல்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இந்த மண், ஐப்பசி மழைக்குப் பிறகு உளுந்தும் பாசியும் மக்காச்சோளமுமாக மானாவாரியில் நிறைகிறது. சென்ற பகுதியில் தீப்பெட்டித் தொழிலைப் பற்றி எழுதினேன். இந்தப் பகுதி, உரிமம் பெற்ற ஆர்வலர்கள் (ஹாம்கள்) சொந்த செட்டில் ஒலிபரப்பித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலியைப் பற்றியது. ஊர்விட்டுப் போகும் ஹாம் தன் செட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு, கைபேசி வழியாக அதை இயக்கலாமா என்பது ஹாம்களிடையே ஓயாமல் நடக்கும் வாதம். இயக்கலாம், இயக்க வேண்டும் என்பது என் கட்சி. வசதிக்காக இதைச் சொல்லவில்லை. நிலையம் நிற்கும் மண்ணை முன்னிட்டுச் சொல்கிறேன்.

7 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறவருக்கு அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அதற்கேற்ற சாதாரண டைபோல் ஆண்டெனாவுக்கே 20 மீட்டர் கம்பி வேண்டும். இரண்டு பனைகளுக்கு நடுவே அதைக் கட்டிவிடலாம். பேருந்திலோ விடுதி அறையிலோ கட்ட முடியாது. காரின் மேல் நிறுத்தும் குட்டை ஆண்டெனாவில், கொடுக்கும் மின்திறனில் பெரும்பகுதி சுருளிலும் தரையிலும் சூடாகிப் போய்விடுகிறது. செங்குத்தாக நிறுத்தும் ஆண்டெனாவுக்கோ பாதி உறுப்பு தரைதான். நீரைப் பிடித்துவைக்கும் கரிசல் களிமண், மழைக்காலத்தில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சித்திரையில் அதே மண் வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகி நிற்கும். பருவத்துக்குத் தகுந்தாற்போல் நிலையமும் மாறுகிறது. மேலே வானமும் அப்படித்தான். காந்த நிலநடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவத் தொடங்கியதும், திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். பொழுது சாய்ந்த பிறகு இங்குள்ள அயனிமண்டலம் கலங்கி, சிக்னல்கள் நடுங்குவதும் தேய்வதும் உண்டு. டெல்லியிலிருந்து ஒலிபரப்பும் ஒருவருக்கு இந்த வானம் கிடைக்காது. உலக ஹாம்கள் மதிக்கும் டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கான விதியும் இதையே ஏற்கிறது: இயக்குபவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும், கணக்கில் வருவது டிரான்ஸ்மிட்டர் நிற்கும் நாடு.

செட்டைத் தொலைவிலிருந்து இயக்குவது இன்று கடினமில்லை. இந்த வட்டாரத்து விவசாயி, தோட்டத்துக் கிணற்று மோட்டாரை மொபைல் ஸ்டார்ட்டர் வைத்துப் போன் மூலமே ஓட்டி நிறுத்துகிறார்; தண்ணீர் பாய்வது கிணற்றிலிருந்துதான். ஹாமும் அதையே செய்கிறார். புதிய செட்டுகள் பலவற்றை நேரடியாக வலைப்பின்னலில் இணைக்கலாம். பழைய செட்டுக்கு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்று போதும். குரலுக்கு நொடிக்குச் சில பத்து கிலோபிட்டுகளே தேவை என்பதால் சுமாரான 4ஜி சிக்னலே தாங்கும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம் மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதால், வீட்டில் இருப்பது சிம் இணைப்பு என்றால் வெளியிலிருந்து நேராக அதன் கதவைத் தட்ட முடியாது, வி.பி.என். வேண்டும். தாமதமும் உண்டு. பேச்சுக்கு அது பொறுத்துக்கொள்ளக் கூடியது, வேகமான மோர்ஸுக்குத் தொல்லை. கணினிகள் குறுஞ்செய்தி பரிமாறிக்கொள்ளும் எஃப்.டி.8 முறையில் வீட்டுக் கணினியே 15 நொடிச் சுற்றுகளைப் பார்த்துக்கொள்வதால் தாமதம் பொருட்டே இல்லை.

இணையத்தில் பேசுவதற்கு எதற்கு வானொலி என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களது அச்சம் இந்தக் கலையின் மீதுள்ள பற்றிலிருந்து வருவது. ஆனால் இணையம் இங்கே நீண்டுபோன மைக் கம்பி மட்டுமே. வீட்டு ஆண்டெனாவிலிருந்து எதிர்முனை வரை அலை தன் வழியில்தான் போகிறது. அயனிமண்டலம் வழிவிடாவிட்டால் எந்தக் கைபேசியாலும் தொடர்பை உண்டாக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுக்ககத்து எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சலுக்கு நடுவே மெல்லிய குரல்கள் காதுக்கு எட்டுவதில்லை. சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போன கரிசல்காரருக்கு, ஊரிலுள்ள ஆண்டெனா திருத்தமான காதாக இருக்கும். கரிசல் முழுவதும் அமைதி என்று சொல்லவில்லை. கோவில்பட்டியின் நூற்பாலை மோட்டார்களும் புதிதாக முளைக்கும் சோலார் இன்வெர்ட்டர்களும் தம் பங்குக்கு இரைகின்றன. இடைசெவலைத் தாண்டிக் கயத்தாறு வரை உள்ள சிற்றூர்களில் இடம் தேடுபவர் முதலில் ஒரு சிறு ரிசீவரோடு நடந்து கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஆளில்லாத வீட்டில் டிரான்ஸ்மிட்டர் ஓடுவது ஆபத்து என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இணைப்பு அறுந்தால் ஒலிபரப்பு தானாக நிற்க டைமர் வேண்டும். செட் மறுமொழி தராதபோது மின்சாரத்தைத் துண்டிக்கத் தனி வழியில் இயங்கும் சுவிட்ச் வேண்டும். உரிமம் இல்லாதவர் கையில் போன் சிக்கினாலும் ஒலிபரப்ப முடியாதபடி கடவுச்சொல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு இவை போதாது. ஆண்டெனா கம்பியைச் செட்டிலிருந்து கழற்றித் தரையோடு இணைக்க வீட்டில் ஒரு கை தேவை.

அந்தக் கை இன்னொன்றுக்கும் தேவை. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, அந்தமானுக்கு ஹாம் ஒலிபரப்புக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து வானொலி வழியாகவே செய்திகளைக் கடத்தினார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கினார்கள், கைபேசிச் சேவை பல இடங்களில் செத்துப்போனது. அப்படிப்பட்ட நாளில் தொலைவிலிருந்து இயக்கும் நிலையம் அதன் சொந்தக்காரருக்கே எட்டாது. இந்த ஆட்சேபத்துக்கு மென்பொருளில் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதில் வீட்டில்தான் இருக்கிறது: இன்வெர்ட்டரை நம்பாத தனி பேட்டரி, கைபேசி இல்லாமலே இயங்கும் செட், அதன் முன்னால் உட்காரத் தெரிந்த இன்னொருவர். ஹாம் உரிமத் தேர்வை 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. செட்டுக்கு வி.பி.என். அமைக்கிற அதே வாரத்தில், ஊரில் இருக்கும் மனைவியையோ தம்பியையோ பள்ளிக்கூடப் பிள்ளையையோ அந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிக்க வையுங்கள்.