மண் சரிந்த மலையிலே

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவையிலே டோசன் கோபுரத்தைக் காணாமற் செல்வதில்லை. 1815 இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதனைத் தம் பிடியில் வைத்திருப்பதற்கென்றே இம்மலைவீதியைச் சமைத்தனர். அப்பணியை நடத்திய கப்டன் டோசன் ஒரு படைப் பொறியியலாளர். அவர் நினைவாக 1832 இல் எழுந்தது இக்கோபுரம்.

அதே மலையேற்றத்திலே, 2025 நவம்பர் 22 இல், மண்ணும் பாறையும் சரிந்து அறுவர் மாண்டனர். சில நாட்களில் டித்வா புயல் வந்தது. ஏற்கெனவே ஊறிக்கிடந்த மலைமண் எங்கெங்கும் பெயர்ந்தது. கம்பளை நகரினுள் மகாவலி கங்கை புகுந்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது கண்டி மாவட்டமே. நவம்பர் 28 இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

வடபுலத்திலே வளர்ந்த எனக்குச் சீருடை என்றாற் சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். அதனை மறைத்துக்கொண்டு இதை எழுதுவது நேர்மையாகாது. ஆயினும் அண்மையில் அம்மலைகளைச் சுற்றியபோது வேறொரு சீருடையைப் பற்றியே கேட்டேன்.

சரிந்த வீட்டை முதலில் தோண்டியவர் அயலவர். வீதியே அறுந்துவிட்டால் இயந்திரம் மலையேறுவதெங்ஙனம்? பின்னர் வந்த இராணுவத்தினரும் பல இடங்களில் மண்வெட்டியையும் கயிற்றையுமே நம்பினர். எவ்வூர் துண்டிக்கப்பட்டது, எக்குடும்பத்திற்கு உலருணவு என்ற கணக்கு அரசாங்க அதிபர் முதற் கிராம உத்தியோகத்தர் வரை குடிசார் அதிகாரிகளுடையது. படை தருவது ஆட்பலமும் படகும் ஹெலிகொப்டரும். கணக்கும் துவக்கும் ஒரே கையில் இராதிருப்பதே நன்று என்பது என் எண்ணம்.

கொத்மலையில் அகப்பட்டோரை இந்திய விமானப்படையின் ஹெலிகொப்டர்களும் மீட்டன. கண்டிக்குக் கிழக்கே, மகியங்கனையிலே, இந்திய இராணுவம் கள வைத்தியசாலை அமைத்தது. இத்தொண்டிலே பலியானோரும் உளர்: நவம்பர் 30 இல் லுணுவிலையில் எமது விமானப்படையின் ஹெலிகொப்டர் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார்.

திரும்பும் வழியிற் பேராதனைப் பூங்காவில் சிறிது அமர்ந்தேன். 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் போரை நடத்திய தலைமையகம் இம்மரங்களிடையேதான் இருந்தது! இன்று காதலரும் பள்ளிச் சிறாரும் உலாவுகின்றனர். எனக்கோ முதல்நாள் கம்பளைப் பக்கத் தோட்டமொன்றிற் சந்தித்த மூதாட்டியின் நினைவு.

"லயத்துக்குப் பின்னால மண்ணு இறங்கிருச்சு ஐயா. ஒரு ஆர்மிப் பையன் என்னை முதுகுல தூக்கிக்கிட்டுப் போனான். அவனுக்குத் தமிழ் தெரியாது. 'பய வென்ன எபா அம்மே'ன்னு சொல்லிக்கிட்டே போனான். பயப்படாதேன்னு அர்த்தம், அது எனக்கு விளங்கிச்சு."

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையிலே புதையுண்டவையும் இத்தகைய லயங்களே. தோட்டத் தொழிலாளிக்கு அவன் குடியிருக்கும் நிலம் சொந்தமன்று. லயம் அபாயமென்று அறிவித்தாலும், பெயர்ந்து சென்று வீடு கட்ட அவனுக்கு ஒரு துண்டுக் காணி வேண்டும். முதுகிலே சுமந்து செல்லும் சிப்பாய் அதனைக் கொடுக்க இயலாது.

"படிச்சவங்க நீங்க. எங்களை இனி எங்க இருக்கச் சொல்லுவாங்க, ஐயா?" என்று அம்மூதாட்டி கேட்டார். அவர் காட்டிய திசையிலே, செம்மண் கீறலுக்குக் கீழே, அந்த லயத்தின் ஒரு புகைபோக்கியிற் புகை எழுந்துகொண்டிருந்தது. எவரோ திரும்பிச் சென்று சமைக்கிறார்கள்.