சாவி கொடுக்க முன்

வவுனியாவில் நான் வாடகைக்கு இருந்த முதல் வீட்டை விட்டபோது, சாமான்களை ஏற்றிவிட்டுச் சாவியை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கிழமை கழித்து முற்பணம் கேட்கப் போனால், "குசினி யன்னல் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு, பிள்ளை" என்றார். நான் குடிபுகுந்தபோதே உடைந்திருந்த கண்ணாடி அது. ஆனால் என்னிடம் என்ன சான்று? பாதிப் பணம் போயிற்று.

கணவரை இழந்து, பிள்ளைகளோடு வீடு மாறும் சகோதரிகளுக்கு இந்த வீட்டு முற்பணம்தான் அடுத்த வீட்டுக்கான முற்பணம். அதனால் நான் சந்திக்கும் எல்லோருக்கும் சொல்வது இதுதான். குடிபுகும் அன்றே உடைவு, வெடிப்பு, மின்மானி அளவு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையொப்பம் வாங்குங்கள். வெளியேறும்போது வீட்டைக் கூட்டித் துடைத்து, சாவி உங்கள் கையில் இருக்கும்போதே அவருடன் அறை அறையாகப் பாருங்கள். மின்சாரம், தண்ணீர் கட்டிய பற்றுச்சீட்டுகளைக் காட்டுங்கள். தனியே பேசத் தயக்கமென்றால் அயலவர் ஒருவரை அழையுங்கள்.

பிணக்கு வந்தால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபையில் முறையிடலாம். சட்டத்தரணி தேவையில்லை. அங்கும் அந்தக் கொப்பி உங்களுக்குக் கைகொடுக்கும்.