தொலைவிலிருந்து ஒரு கண்

லயத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இரகசியம் என்பது புத்தகத்தில் படித்தறிந்த பொருள். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். கடிதம் வந்தால் பாதி லயம் வாசித்த பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். வலப்பனையைச் சூழ்ந்த தோட்டங்களில் ஆசிரியனாக இருக்கும் எனக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் காம்பராக்களுக்குள் இன்று கணினியும் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, செல்பேசிக்கு அலை தேடிப் பிள்ளைகள் மலையேறியதை நாடறியும். அதன் பிறகுதான் கொழும்பில் வேலை செய்யும் தந்தையர் சிலர், யாரோ பாவித்துக் கழித்த மடிக்கணினிகளை வாங்கி ஊருக்கு அனுப்பினர்.

என் மாணவி ஒருத்தியின் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. தந்தை புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார். தாய் கொழுந்து பறிக்கிறார். கடைப் பையன் ஒருவனின் துணைகொண்டு தந்தை அக்கணினியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 'பேமிலி சேப்டி' என்னும் ஏற்பாட்டை அமைத்திருந்தார். பிள்ளை எந்தத் தளத்தைத் திறந்தாள், எதைத் தேடினாள், எத்தனை மணி நேரம் கணினிமுன் இருந்தாள் என்பதெல்லாம் வாரந்தோறும் அறிக்கையாகத் தந்தைக்குப் போய்ச் சேரும். இன்னும் இறுக்க விரும்பினால், அனுமதித்த தளங்கள் மட்டுமே திறக்கும்படி செய்யலாம். வேறொன்றைத் தொட்டால் திரை மூடிக்கொள்ளும். அனுமதி கேட்டால் அந்த விண்ணப்பம் தந்தையின் செல்பேசிக்குப் போகும்.

தந்தை இந்த இறுக்கமான விதியையே வைத்திருந்தார். பட்டியலில் இருந்தவை மூன்றே தளங்கள். விஞ்ஞான பாடத்தில் இனப்பெருக்கம் பற்றிக் குறிப்பெழுதவேண்டிய நாளில் அவள் அனுமதி கேட்டாள். மூட்டை தூக்கும் மனிதர் செல்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டா நிற்பார்? இரவு ஒன்பது மணிக்குத்தான் பார்த்தார். புரியாத ஆங்கிலப் பெயர் ஒன்று கண்ணில் பட்டது, மறுத்துவிட்டார். மறுநாள் அவளுடைய கொப்பி வெறுமையாக என் மேசைக்கு வந்தது.

எனக்குத் துண்டு முறை நினைவுக்கு வந்தது. முற்காலத்தில் ஒரு தொழிலாளி வேறு தோட்டம் போக வேண்டுமானால், அவன் கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். 1921ஆம் ஆண்டில்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. ஒப்பீடு மிகை என்று நண்பர்கள் கூறலாம். துரை இலாபத்துக்காகப் பார்த்தான், தந்தை அன்பினால் பார்க்கிறார், உண்மையே. ஆயினும் பிரட்டுக்களத்தில் நின்று, செக்ரோலில் பதியப்பட்டு, தராசின்முன் தலைகுனிந்த ஒரு பரம்பரைக்குப் பாதுகாப்பு என்றாலே மேலிருந்து ஒருவர் பார்ப்பது என்றுதானே கற்பிக்கப்பட்டிருக்கிறது? கங்காணி என்ற சொல்லே கண்காணி என்பதன் திரிபு அல்லவா?

அவருடைய அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. முகமறியா மனிதர் பிள்ளைகளோடு நட்புப் பாராட்டிப் படங்களைப் பெற்று, பின்னர் அவற்றைக் காட்டியே மிரட்டும் கொடுமை நடக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம் என்பதை அந்தத் தந்தை அறிந்திருக்கவில்லை, மகளும் அறியாள். வாராந்த அறிக்கை தளத்தின் பெயரைச் சொல்லும். பிள்ளை பயந்து அழுதாளா என்று சொல்லாது. தளத் தடையோ 'எட்ஜ்' உலாவிக்குள் வேலை செய்வது; தோழியின் செல்பேசியில் அதற்கு அதிகாரமில்லை.

அவர் ஏன் தொலைவிலிருந்து பார்க்கிறார் என்று கேட்பவர் குறைவு. தோட்டத்தில் நாட்கூலி 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அந்தக் கூலியில் குடும்பம் நடக்குமானால் அவர் மாலையில் வீட்டில் இருப்பார். மகள் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பார். குடும்பத்தைப் பிரித்த பொருளாதாரத்தின் பள்ளத்தை ஒரு செயலி இட்டு நிரப்பும் என்று எதிர்பார்க்கிறோம்.

சிறுவரின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடலாகாது என்று 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றது. பெற்றோரின் கண்காணிப்பு அளவோடும், பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கு ஏற்பவும் இருக்கவேண்டும் என்று அச்சமவாயத்தின் குழு 2021இல் விளக்கியது. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் ஒரே பூட்டு ஆகாது என்பதே இதன் சாரம்.

தீபாவளிக்கு அவர் ஊர் வந்தபோது கணினியின்முன் அமர்ந்து பேசினோம். அவர் மறுத்த அதே பாடத்தை, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பாடநூலில் மகள் திறந்து காட்டினாள். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மூன்று தளப் பட்டியலை நீக்கினார். இரவு பத்து மணிக்குக் கணினி அணையும் விதி நின்றது. அதற்கு அவளும் சம்மதித்தாள். வாராந்த அறிக்கையை ஞாயிறு இரவில் தொலைபேசியில் இருவரும் சேர்ந்தே வாசிப்பதென்று முடிவாயிற்று. 1929 என்ற இலக்கத்தைத் தாய் சுவர்க் கலண்டரில் எழுதச் சொன்னார்.

பதினேழு வயது அண்ணனிடமும் செல்பேசி உண்டு. அதற்கு அறிக்கையும் இல்லை, நேர வரம்பும் இல்லை. காரணம் கேட்டேன். "அவன் பையன்தானே, சேர்" என்றார். மகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருவருக்கும் ஒரே விதி வேண்டும் என்று வாதாடினாள். அதற்கு விடை கூறாமலே அவர் கொழும்பு பஸ் ஏறிவிட்டார். தாய் இப்போது மகளின் பக்கம் நிற்கிறார்.